கண் திறக்காமல் கிடந்தபோதும் என்னிடம் பேசிக்கொண்டே இருந்த சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது?

புழுமனை_பாலக்கோடு

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒருவருக்கு உருப்படியாக எப்படி நன்றி சொல்வது? நடந்ததைச் சொன்னால்தான் கேள்வி புரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும். ஐந்தாம் பருவத்தில் புழு தழையைத் தின்று தீர்க்கும், ராத்திரியிலும் போட வேண்டியிருக்கும். அதனால் அந்தச் சமயத்தில் புழு வளர்க்கிற மனையிலேயே பாய் விரித்துத் தரையில் படுப்பேன். அப்படிப் படுத்த ஒரு நாள் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்து இழுத்தது. வாந்தி வந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. கண் இமை தானாகக் கீழே இறங்கியது. உடம்பில் கடிவாய் எதுவும் தென்படவில்லை. என் தம்பி கண்ணைப் பார்த்ததுமே 108-க்கு அடித்துவிட்டான். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பேச்சு போய்விட்டது. "கட்டுவிரியனா இருக்கும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சேருகிற இடத்தைத் தாக்கும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். கை, கால், இமை, நாக்கு, கடைசியில் மூச்சுக்கான தசை என்று ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. அதாவது வெளியிலிருந்து பார்த்தால் நான் நினைவில்லாமல் கிடக்கிற ஆள். உள்ளே நான் முழுசாக இருந்தேன். தூக்க மருந்து வேலை செய்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெண்டிலேட்டர் சத்தம், பக்கத்துக் கட்டிலின் மானிட்டர் சத்தம், டிராலி உருளுகிற சத்தம் எல்லாம் கேட்டது. கண்ணைத் திறக்க முடியாது. விரலை அசைக்க முடியாது. நான் இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வழியில்லை. அந்தப் பயத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது.

அப்போது ஒரு குரல் கேட்டது. "அண்ணா, நான் நைட் டியூட்டி சிஸ்டர். இது தர்மபுரி ஜி.எச். ஐ.சி.யூ. உங்களுக்கு மூச்சு விட மெஷின் வச்சிருக்கோம், அதனாலதான் பேச முடியல. விஷம் இறங்குனதும் எடுத்துடுவோம். வீட்டுக்காரங்க வெளியதான் இருக்காங்க, சாப்பிட்டாங்க." இவ்வளவுதான் சொன்னார். எங்கே இருக்கிறேன், ஏன் பேச முடியவில்லை, என் மனைவி சாப்பிட்டாளா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது.

அதன் பிறகு அவர் எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். "சளி எடுக்கப் போறேன், இருமல் வரும், சீக்கிரம் முடிச்சிடுறேன்." குழாயில் சளி எடுக்கும்போது உயிர் போய் வரும். ஆனால் வரப்போகிறது என்று தெரிந்து தாங்குவது வேறு, திடீரென்று வந்து தாக்குவது வேறு. "இடது பக்கம் திருப்புறோம்." "கண்ணுல மருந்து விடுறேன், குளுகுளுன்னு இருக்கும்." "மணி ஆறாகுது, வெளிய வெளுத்துடுச்சு." அந்தக் கடைசி வரியின் அருமை எனக்குத்தான் தெரியும். கண் மூடிக் கிடக்கிறவனுக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. அவர் வந்து சொன்னால்தான் எனக்கு விடிந்தது.

ஒரு நாள் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, இனிமேல் தேறாது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று என் தம்பியிடம் சொன்னார். அக்கறையில்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த சிஸ்டர் வந்து, "ஐயா, அவருக்கு எல்லாம் காதுல விழும். இந்த மாதிரிப் பேச்செல்லாம் வெளிய வச்சுக்குங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். என்னால் சொல்ல முடியாததை எனக்காக ஒருவர் சொன்னார்.

பிறகு என் மனைவியைக் கிட்டே கூப்பிட்டு, தன் விரலால் என் இமையைத் தூக்கிப் பிடித்தார். "பாருங்கண்ணா, அக்கா வந்திருக்காங்க. கால் கட்டைவிரலை ஆட்ட முடியுதா பாருங்க." மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது. கட்டைவிரல் அசைந்ததாம். எனக்கே தெரியவில்லை. என் மனைவி அழுததுதான் கேட்டது. அதற்கப்புறம் ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை என்று அந்த விரலாலேயே பேசினேன். தாகமாக இருக்கிறதா, வலிக்கிறதா, ஃபேன் வேண்டுமா என்று அந்த ஷிஃப்டில் இருந்த எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது நன்றாக இருக்கிறேன். புழு மனைக்குக் கட்டில் வாங்கியாயிற்று. அந்த வார்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த சிஸ்டரிடம் தனியாக ஒரு கவர் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு உபயோகப்படும்படி நான் என்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் பெயர் போடுவது முறையில்லை என்பதால் இங்கே போடவில்லை.

ஊத்தங்கரைக்காரன்

படித்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபிறவிதான் உங்களுக்கு. ஒரு சந்தேகம்: கடிவாயே இல்லாமல் பாம்புக்கடி என்று எப்படித் தெரிந்தது? எங்கள் ஊரில் விடிகாலை வயிற்றுவலி என்றால் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு விடுவார்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்

நீங்கள் பிழைத்து வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நானும் மூன்று ஷிஃப்டில் வேலை பார்க்கிறவன்தான். என் மெஷினை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டால் யாரும் எனக்கு நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், வேலை செய்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு மரியாதை எதற்கு?

புழுமனை_பாலக்கோடு

தம்பி, தப்பாக நினைக்கவில்லை. சளி எடுப்பது வேலை, ஊசி போடுவது வேலை. அதைச் சரியாகச் செய்தாலே போதும், நான் உயிரோடு வந்திருப்பேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால் என்னிடம் சொன்னாரே, அது எந்த சார்ட்டிலும் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. நானே வெளியில் வந்து சொல்லாவிட்டால் அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

செவிலி_அரூர்

நான் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் சொல்கிற சிஸ்டரை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பதிவை எங்கள் வார்டில் உரக்கப் படித்தோம் அண்ணா.

முதலில் ஊத்தங்கரை அண்ணனுக்கு. கட்டுவிரியனுக்குப் பல் சின்னது. கடித்தால் வீக்கமும் இருக்காது, வலியும் பெரிதாகத் தெரியாது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். விடியும்போது வயிற்றுவலி, வாந்தி, இமை இறங்குவது, விழுங்க முடியாமை, குரல் மாறுவது என்று வந்தால் எங்களுக்கு முதலில் அந்த நினைப்புதான் வரும். தயவுசெய்து சோடா கொடுக்காதீர்கள். விழுங்க முடியாத ஆளுக்கு எதைக் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குப் போய்விடும். கட்டு போட வேண்டாம், கீற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ல் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு முனையை அந்த மருந்து சரிசெய்யாது. அது தானாக வளர்ந்து வர வேண்டும். அதுவரைக்கும் மூச்சை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கினார்கள். அதனால் அரசு, தனியார் என்று எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்கில் வர வேண்டும்.

அடுத்தது, பாலக்கோடு அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பேசுவது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். நினைவிருக்கிறதோ இல்லையோ, நோயாளியிடம் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்று படிக்கும்போதே சொல்லித்தருகிறார்கள். கட்டுவிரியன் கேஸில் அது இன்னும் முக்கியம். கண் திறக்காது, பேச்சு வராது, கை கால் அசையாது. சில பேருக்குக் கண்பாவைகூட விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் மூளைச்சாவு என்றே நினைத்துவிடுவார்கள். இமையைத் தூக்கிப் பார்க்க வைப்பதும், விரல் அசைகிறதா என்று கேட்பதும் அதற்காகத்தான். அந்த சிஸ்டர் அதைத் தெரிந்து செய்திருக்கிறார். வெறும் நல்ல மனசு என்று சொல்லிவிட்டால், நல்ல மனசு இருக்கிறவர்கள் செய்யட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அது திறமை. அதற்கு நேரமும் ஆளும் வேண்டும்.

வெண்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் விதிமுறை. நான் வேலை பார்த்த வார்டுகளில் ராத்திரி ஷிஃப்டில் அப்படி இருந்ததே இல்லை. 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தேன். அப்போது மாதம் 7,700 ரூபாய். 2017-ல் சென்னையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் நர்ஸ்கள் நடத்திய போராட்டத்துக்கு நாங்களும் போனோம். ஓசூர் தம்பி, நீங்களும் ஷிஃப்ட் பார்க்கிறவர் என்பதால் சொல்கிறேன். தொடர்ந்து நைட் பார்த்த உடம்போடு, பதில் சொல்லாத ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் பேசுவது சுலபமில்லை. சில நாள் நாக்கு எழாது. இந்த மாதிரி ஒருவர் திரும்பி வந்து "கேட்டுச்சு சிஸ்டர்" என்று சொன்னால், அடுத்த கட்டிலில் இருப்பவரிடம் பேசத் தெம்பு வரும்.

ஓசூர்_ஷிஃப்ட்

சரி அக்கா, புரிகிறது. நான் மெஷினோடு ஒப்பிட்டிருக்க வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறையில் இரண்டு லைனை ஒருவரே பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

நல்லம்பள்ளி_மருமகள்

எல்லோரும் பாராட்டுகிற இடத்தில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனாலும் எழுதுகிறேன். என் முதல் பிரசவத்தில் (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்) வலி தாங்காமல் கத்தியபோது எனக்குக் கிடைத்த பேச்சு இன்னும் மறக்கவில்லை. இங்கே எழுத முடியாத வார்த்தைகள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, தையல் நன்றாகப் போட்டார்கள், மருந்தில் குறையில்லை. ஆனால் இரண்டாவது உண்டானபோது ஆஸ்பத்திரியை நினைத்தாலே உடம்பு நடுங்கியது. அப்போது வேறொரு இடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தணும்னா கத்தும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூச்சை மட்டும் அடக்கிடாத" என்றார். நான் கத்தவே இல்லை. இரண்டையும் அனுபவித்தவள் என்பதால் சொல்கிறேன், பாலக்கோடு அண்ணா சொல்வது சின்ன விஷயமே இல்லை. அந்த ஒரு பேச்சுக்காகவே வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று மலையிலிருந்து இறங்காமல் இருக்கிற பெண்கள் உண்டு.

செவிலி_அரூர்

உங்களுக்கு நடந்தது தவறு. ஆள் குறைவு, அசதி என்று எதைச் சொன்னாலும் அதற்குச் சமாதானம் ஆகாது. பிரசவ அறையில் தாய்க்கு மரியாதை என்பது 2017-ல் பிரசவ அறைகளின் தரத்துக்காக மத்திய அரசு கொண்டுவந்த லக்‌ஷ்யா திட்டத்திலேயே இருக்கிறது. தரம் பார்க்க வருகிறவர்கள் அதையும் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். பிரசவ அறையில் கூடவே சொந்தக்காரப் பெண் ஒருவர் இருக்கலாம் என்பதும் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. அடுத்து போகிறவர்கள் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கூட ஒரு ஆள் நின்றாலே பேச்சு மாறும்.

தேன்கனிக்கோட்டைப்_பேரன்

எங்கள் வீட்டில் தெலுங்குதான். அவ்வாவுக்கு (பாட்டிக்கு) தமிழ் அரைகுறையாகத்தான் வரும். இடுப்பெலும்பு முறிந்து கிருஷ்ணகிரியில் சேர்த்தோம். வலித்தால்கூடச் சொல்லத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அங்கே இருந்த சிஸ்டருக்குத் தென்காசிப் பக்கம், தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. என்னிடம் வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்கலாமா என்பதையெல்லாம் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவ்வாவே அவரிடம் எங்கள் மாமரக் கணக்கு, கோயில் கணக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்காது, நின்று கேட்டார்.

அவர் எனக்குச் செய்த இன்னொரு உபகாரம், அவ்வாவை எப்படித் திருப்புவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது, குதிகாலுக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிலில் படாமல் தூக்கிவிட வேண்டும், சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. நான் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை, ஏன் தேய்க்கக்கூடாது என்று சொன்னார். வீட்டுக்கு வந்து வெகு நாள் படுக்கையில் இருந்தும் அவ்வாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை.

காரிமங்கலம்_வாத்தியார்

பாலக்கோடு தம்பி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எழுதுங்கள். ஆஸ்பத்திரி முதல்வருக்கு ஒரு கடிதம், நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு ஒரு நகல். உங்கள் பெயர், உள்நோயாளி எண், எந்த வார்டு, எந்த மாதம், எந்த ஷிஃப்ட் எல்லாம் வரட்டும். "மிகச் சிறப்பாகக் கவனித்தார்" என்று எழுதினால் ஃபைலில் போய்த் தூங்கும். நீங்கள் இங்கே எழுதியிருக்கிற மாதிரியே எழுதுங்கள். இன்ன சமயத்தில் இன்னதைச் சொன்னார், அதனால் எனக்கு இன்னது ஆயிற்று. அந்த விரல் விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள், படிக்கிற டாக்டர்களுக்கும் அது பாடம். அவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பணம், நகை, புடவை என்று எதுவும் வேண்டாம். அரசு ஊழியருக்கு அது தொல்லையில்தான் முடியும்.

இன்னொன்று. திருப்பிப் போட்டது சிஸ்டர் மட்டும் இல்லை. கூட ஒரு பணியாளர் இருந்திருப்பார், தரை துடைத்தவர் இருந்திருப்பார். அவர்களையும் கடிதத்தில் சேருங்கள். அவர்களுக்கு யாரும் எழுதுவதே இல்லை.

செவிலி_அரூர்

ஐயா சொன்னதுதான் சரியான வழி. அப்படி ஒரு கடிதம் வந்தால் வார்டு இன்சார்ஜ் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார். மே 12 செவிலியர் தினம் பக்கத்தில் வந்தால் அன்றைக்கு மேடையில் படிப்பதும் உண்டு. அண்ணா, முடிந்தால் நேரில் போய் நர்சிங் மாணவிகளிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நாங்கள் வகுப்பில் என்ன சொன்னாலும், உள்ளே கிடந்தவர் வந்து சொல்வதற்கு ஈடாகாது.

புழுமனை_பாலக்கோடு

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் இருந்து எனக்குத் தெரியாததையெல்லாம் சொன்னாள். ஐ.சி.யூ. வாசலில் படுத்திருந்தவர்களுக்குக் கொசுவத்தி வாங்கிக் கொடுத்தது, உள்ளே என்ன நிலைமை என்று காலையும் மாலையும் தவறாமல் வெளியே வந்து சொன்னது. வார்டில் துடைக்கிற அம்மா என் கட்டிலுக்குக் கீழே வரும்போதெல்லாம் "தம்பி, எந்திரிச்சிருப்பா" என்பார். அவரையும் சேர்த்துவிட்டேன். கடிதம் ஐந்து பக்கம் வந்திருக்கிறது, குறைக்க மனசில்லை. அந்த சிஸ்டரிடம் போனில் கேட்டேன். பெயர் போடலாம், ஆனால் தன்னோடு ஷிஃப்டில் இருந்த மற்ற இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும் என்றார். மாணவிகளிடம் பேசுவது பற்றியும் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பர்கூர்_மகள்

இழையைத் திசை திருப்புகிறேன் என்றால் மன்னிக்கவும். என் அப்பா மூன்று நாளாக வெண்டிலேட்டரில் இருக்கிறார். பாம்புக்கடி இல்லை, நிமோனியா. கூப்பிட்டால் அசைவில்லை. மாலையில் கொஞ்ச நேரம் உள்ளே விடுகிறார்கள். நான் போய் சும்மா நின்றுவிட்டு அழுதுகொண்டே வந்துவிடுகிறேன். இதைப் படித்ததிலிருந்து பேச வேண்டும் போல் இருக்கிறது. பேசலாமா? என்ன பேசுவது?

செவிலி_அரூர்

தாராளமாகப் பேசுங்கள்மா. தூக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, டியூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, மணி என்ன, அவர் எங்கே இருக்கிறார், ஏன் பேச முடியவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் வீட்டு விஷயம். மாடு கறந்ததா, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று அவர் தினமும் கேட்கிறவை எவையோ அவற்றைச் சொல்லுங்கள். கடன், ஆஸ்பத்திரிச் செலவு, பங்காளிச் சண்டை எதுவும் கட்டில் பக்கத்தில் வேண்டாம். அழுகை வந்தால் வெளியே வந்து அழுதுவிட்டுத் திரும்பப் போங்கள், தப்பில்லை.

அப்பா கண்ணாடி போடுவாரா? காதுக்கு மெஷின் வைப்பாரா? சேர்க்கும்போது கழற்றி உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். மருந்து குறைத்து விழிக்க வைக்கும்போது அது இல்லாவிட்டால் குழம்பிப்போவார், குழாயைப் பிடித்து இழுப்பார். கொண்டுபோய் சிஸ்டரிடம் கொடுத்து, எந்தக் காது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பர்கூர்_மகள்

வலது காதுக்கு மெஷின் உண்டு அக்கா. சேர்த்த அன்றைக்குக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், வீட்டு பீரோவில் இருக்கிறது. பேட்டரி வாங்கிக்கொண்டு நாலு மணிக்குப் போகிறேன். அப்பா முதலில் கேட்பது கன்றுக்குட்டியைப் பற்றித்தான். அது பால் மறந்துவிட்டது, தழை தின்கிறது என்று சொல்கிறேன்.